ஒளியை எண்ணும் பெட்டி

புதுக் கேமரா பெரும்பாலும் மாலையில்தான் வீட்டுக்கு வருகிறது. வேலை முடிந்து கடைக்குப் போய், பாடியையும் அதோடு வரும் கிட் லென்ஸையும் கையில் வாங்கிப் பார்த்து, மெமரி கார்டு, பை, லென்ஸைக் காக்க ஒரு யூவி கண்ணாடி என்று போட்டுவைத்த பட்ஜெட்டுக்கு மேலே இன்னும் சில ஆயிரங்களைக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தெருவிளக்கு எரியத் தொடங்கியிருக்கும். பேட்டரி முழுதாக சார்ஜ் ஏறும்வரை காத்திருக்க யாருக்கு மனம் வரும்? மாதக்கணக்கில் விலை விசாரித்து, விமர்சன வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வாங்கிய கேமராவின் முதல் படங்கள் இப்படித்தான் டியூப்லைட்டின் கீழே எடுக்கப்படுகின்றன. சாமி அலமாரி, சீரியல் பார்க்கும் பாட்டி, கட்டிலுக்கடியில் ஒளியும் பூனை என்று எதுவும் தப்பாது.

இரவு கணினியில் ஏற்றிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது உற்சாகம் ஒரு படி இறங்கும். பாட்டியின் கன்னம் சொரசொரப்பாக இருக்கும். நிழல் பகுதிகளில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் தெறித்துக் கிடக்கும். பூனை அசைந்ததில் அதன் முகமே கலைந்திருக்கும். "இதுக்கு என் போனே பரவாயில்லையே" என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் எழும். வாங்கியவருக்குள் சந்தேகம் முளைக்கும்: தவறான மாடலை எடுத்துவிட்டோமோ? இன்னும் முப்பதாயிரம் சேர்த்து அடுத்ததை வாங்கியிருக்கலாமோ?

கேமராவில் பழுது எதுவும் இல்லை. டிஜிட்டல் கேமரா என்பது அடிப்படையில் ஒளியை எண்ணும் கருவி. சென்சார், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ, மெகாபிக்சல் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சொற்கள் எல்லாமே அந்த எண்ணிக்கையோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையவை. அன்று இரவு அந்த அறையில் எண்ணுவதற்குப் போதிய ஒளி இல்லை, நடந்தது அவ்வளவே. இது பிடிபட்டுவிட்டால், அடுத்த செலவை எதில் செய்வது, எதில் செய்யாமல் இருப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

ஆயிரத்தில் ஒரு பங்கு

உச்சி வெயிலில் தரையில் விழும் ஒளி ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஒரு டியூப்லைட் எரியும் கூடத்தில் அது 100 லக்ஸ் அளவில்தான் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு! வெயிலிலிருந்து வீட்டுக்குள் நுழைந்த சிறிது நேரத்திலேயே நாம் இந்த வீழ்ச்சியை மறந்துவிடுகிறோம். கண்மணி 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர்வரை விரிந்து பதினாறு மடங்கு ஒளியைக் கூடுதலாக உள்ளே விடக்கூடியது. மிச்சத்தை விழித்திரையும் நரம்புகளும் மூளையும் சரிக்கட்டிக்கொள்கின்றன. நம் பார்வை ஒளியின் அளவை உள்ளபடி அளப்பதில்லை. ஓரிடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் உள்ள விகிதத்தைத்தான் கவனிக்கிறது. அதனால்தான் டியூப்லைட் வெளிச்சத்தில் பாட்டியின் முகம் நமக்குப் பளிச்சென்று தெரிகிறது.

சென்சாருக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒளி இரட்டித்தால் அதன் கணக்கும் இரட்டிக்கும். ஒளி ஆயிரத்தில் ஒன்றானால் கணக்கும் ஆயிரத்தில் ஒன்றாகும். கண் சொன்னதை நம்பி ஷட்டரை அழுத்துகிறோம். சென்சார் தன் கணக்கைக் காட்டுகிறது. முதல் நாள் ஏமாற்றத்தின் வேர் இங்கே இருக்கிறது.

சிலிக்கானும் ஃபோட்டானும்

ஒளி தனித்தனிப் பொட்டலங்களாக வந்து சேர்கிறது என்று ஐன்ஸ்டைன் 1905இல் எழுதினார். உலோகத்தின்மீது ஒளி பட்டால் எலெக்ட்ரான்கள் வெளியேறும் விதத்தை அவர் அந்தக் கருத்தைக் கொண்டு விளக்கினார். 1921ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குச் சார்பியலுக்காக அல்லாமல் இதற்காகவே வழங்கப்பட்டது. அந்தப் பொட்டலத்தைத்தான் ஃபோட்டான் என்கிறோம்.

கேமராவின் சென்சார் ஒரு சிலிக்கான் தகடு. சிலிக்கான் படிகத்தில் ஓர் எலெக்ட்ரானை அதன் கட்டிலிருந்து விடுவிக்க 1.1 எலெக்ட்ரான் வோல்ட் அளவு ஆற்றல் போதும். பச்சை ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கிறது. ஆகவே ஒரு ஃபோட்டான் உள்ளே நுழைந்து உட்கவரப்பட்டால் ஓர் எலெக்ட்ரான் விடுபடும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுக்க ஒவ்வொரு பிக்சலிலும் இப்படி எலெக்ட்ரான்கள் சேர்கின்றன. ஷட்டர் மூடியதும் எத்தனை சேர்ந்தன என்பது மின்னழுத்தமாக அளக்கப்பட்டு எண்ணாக மாற்றப்படுகிறது. கோடிக்கணக்கான இந்த எண்களின் பட்டியலே படம்.

சிலிக்கான் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் 1,100 நானோமீட்டர் வரை எண்ணிவிடும். நிறங்கள் திரிந்துபோகும் என்பதால் சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் ஒரு கண்ணாடியை வைக்கிறார்கள். டிவி ரிமோட்டின் முனையைக் கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்குக் காட்டிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். தடுப்பு வலுவில்லாத கேமராவாக இருந்தால், கண்ணுக்குத் தெரியாத விளக்கு திரையில் வெள்ளையாகவோ ஊதாவாகவோ மின்னும்.

இந்தத் தொழில்நுட்பம் படம் எடுப்பதற்காகப் பிறந்ததும் அல்ல. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் இருவரும் கணினி நினைவகத்துக்கான ஒரு புதிய அமைப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மின்னூட்டத்தைச் சிறுசிறு அறைகளில் தேக்கி, ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கைமாற்றிக்கொண்டே போகும் சிசிடி அப்படி உருவானது. அந்த அறைகளை ஒளியாலும் நிரப்பலாம் என்பதே அதன் தலையெழுத்தை மாற்றியது. இருவருக்கும் 2009இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் 1975இல் ஒரு சிசிடியை வைத்து, கையில் தூக்கிச் செல்லக்கூடிய டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியைச் செய்தார். எடை சுமார் 3.6 கிலோ. படத்தில் மொத்தம் 10,000 பிக்சல்கள், கறுப்பு வெள்ளைதான். ஒரு படம் கேசட் நாடாவில் பதிய 23 விநாடிகள் ஆயின. பார்ப்பதற்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும். பிறகு 1990களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் எரிக் ஃபோசமும் குழுவினரும் விண்கலக் கேமராக்களைச் சிறிதாக்க முயன்றபோது, ஒவ்வொரு பிக்சலுக்குள்ளேயே மின்சைகையைப் பெருக்கும் சிமாஸ் சென்சார் வளர்ந்தது. இன்று கடையில் வாங்கும் கேமராவிலும் பையில் இருக்கும் போனிலும் இருப்பது அதன் வாரிசுதான்.

சொரசொரப்பு எங்கிருந்து வருகிறது?

தூறல் விழும் முற்றத்தில் ஒரே அளவுள்ள பத்துக் கிண்ணங்களை வரிசையாக வையுங்கள். ஒரு நிமிடம் கழித்து எண்ணினால் ஒன்றில் ஐந்து துளி, பக்கத்தில் ஒன்பது, அடுத்ததில் இரண்டு என்று இருக்கும். வானம் எந்தக் கிண்ணத்துக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை; துளிகள் குறி பார்த்து விழுவதில்லை, அவ்வளவுதான். கொட்டும் மழையில் ஒரு மணிநேரம் வைத்திருந்தாலோ பத்துக் கிண்ணத்திலும் மட்டம் ஒன்றாகவே தெரியும்.

ஃபோட்டான்களும் இப்படித்தான் வருகின்றன. சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில் பிக்சலுக்குப் பிக்சல் 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். அதாவது பத்து விழுக்காடு. சராசரி 10,000 ஆனால் ஏற்ற இறக்கம் 100. ஒரே ஒரு விழுக்காடு. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் தடுமாற்றத்தின் அளவு. ஒரே சீரான நிறமுள்ள கன்னத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் பத்து விழுக்காடு கூடியும் குறைந்தும் இருந்தால் கண்ணுக்கு அது சொரசொரப்பாகப் படுகிறது. புகைப்படக்காரர்கள் அதை நாய்ஸ் என்கிறார்கள்.

சொரசொரப்புக்கு வேறு காரணங்களும் உண்டு. எண்ணைப் படிக்கும் மின்சுற்று கொஞ்சம் தடுமாறும். ஒளியே இல்லாவிட்டாலும் வெப்பத்தால் சில எலெக்ட்ரான்கள் தாமாகவே விடுபடும். லென்ஸை மூடிவிட்டு நீண்ட நேரம் ஷட்டரைத் திறந்து வைத்தால் கறுப்புப் படத்தில் ஆங்காங்கே நிறப்புள்ளிகள் முளைப்பது இதனால்தான். வானியலாளர்கள் தங்கள் கேமராக்களைக் குளிரூட்டுவதும் இதற்காகவே. சிலியில் உள்ள வேரா ரூபின் ஆய்வகத்தின் 3,200 மெகாபிக்சல் கேமராவின் சென்சார்கள் சுமார் மைனஸ் 100 டிகிரி செல்சியஸில் இயங்குகின்றன. ஆனால் இன்றைய கேமராக்களில் இந்தக் குறைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. மங்கிய அறையில் எடுத்த படத்தின் சொரசொரப்பில் பெரும்பகுதி ஒளியின் இயல்பிலிருந்தே வருகிறது. எந்த நிறுவனமும் அதைச் சரிசெய்து அடுத்த மாடலில் விற்க முடியாது. ஒளியைக் கூட்டுவது ஒன்றே வழி.

ஐஎஸ்ஓ கூட்டுவது எதை?

புதியவர்கள் ஐஎஸ்ஓவைக் கேமராவின் உணர்திறன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதைக் கூட்டினால் சென்சார் கூடுதல் ஃபோட்டான்களைப் பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை. உண்மையில் ஐஎஸ்ஓ எண்ணை உயர்த்தும்போது, சேர்ந்த எலெக்ட்ரான்களின் கணக்கு பெருக்கிக் காட்டப்படுகிறது. ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலாக வருவதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நடுத்தர அளவுப் பிக்சல் ஒன்று சில பத்தாயிரம் எலெக்ட்ரான்களைத் தாங்கும். 40,000 என்று வைத்துக்கொள்வோம். ஐஎஸ்ஓ 100இல் படத்தின் மிகப் பிரகாசமான இடம் இந்த 40,000ஐ எட்டும். இரவில் கேமரா தானாகவே ஐஎஸ்ஓ 6400க்குப் போகிறது. அப்படியென்றால் 64இல் ஒரு பங்கு ஒளியை வைத்துக்கொண்டே சமாளிக்கிறது என்று பொருள். மிகப் பிரகாசமான இடத்திலேயே 625 எலெக்ட்ரான்கள்தான் சேரும். முகம் அதில் ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சத்தில் இருந்தால் 125. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 11. ஒன்பது விழுக்காடு தடுமாற்றம். பாட்டியின் கன்னத்துக்கு நேர்ந்தது இதுதான்.

அதற்காக ஐஎஸ்ஓவுக்குப் பயந்து, இருட்டான படத்தை எடுத்துக் கணினியில் வெளுப்பாக்கினால் லாபம் இல்லை. பிடித்த ஃபோட்டான்கள் அதே அளவுதான். சொரசொரப்பும் ஏறக்குறைய அதேதான். கலைந்துபோன பூனையைவிடச் சொரசொரப்பான பூனை மேல் என்பதால், தேவையான ஷட்டர் ஸ்பீடுக்காக ஐஎஸ்ஓவைத் தயங்காமல் ஏற்றலாம். ஒளியின் அளவைத் தீர்மானிக்கும் பிடிகள் கேமராவில் இரண்டே: ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, லென்ஸின் துளையான அப்பர்ச்சர் எவ்வளவு பெரிது. மூன்றாவது பிடி கேமராவுக்கு வெளியே இருக்கிறது, அது விளக்கு.

பரப்பும் துளையும்

கடைக்காரர் முதலில் சொல்வது மெகாபிக்சல். ஒளிக்கணக்கில் அதற்கு அவ்வளவு பங்கில்லை. 4கே தொலைக்காட்சித் திரை முழுவதையும் நிரப்ப 83 லட்சம் பிக்சல்கள் போதும். ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் அச்சிட 87 லட்சம். இன்றைய மிகச் சாதாரணக் கேமராவிலேயே 2 கோடிக்கு மேல் இருக்கின்றன. ஒரே அளவு சென்சாரை 24 மெகாபிக்சலாகவோ 48 மெகாபிக்சலாகவோ கூறுபோடலாம். மொத்தத்தில் விழும் ஒளி மாறுவதில்லை.

மாறுவது சென்சாரின் பரப்பால். ஃபுல் ஃபிரேம் எனப்படும் 36க்கு 24 மில்லிமீட்டர் அளவு ஒரு நூற்றாண்டுக்கு முந்தையது. ஜெர்மனியில் லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஓஸ்கார் பார்னாக், சினிமா படச்சுருளை வைத்து ஒரு சிறிய ஸ்டில் கேமரா செய்தபோது சினிமா சட்டத்தின் அளவை இரட்டித்துக்கொண்டார். அதுவே 1925இல் லைக்காவாகச் சந்தைக்கு வந்தது. அதன் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். புதியவர்கள் பெரும்பாலும் வாங்கும் ஏபிஎஸ்-சி வகை சென்சாருக்கு ஏறக்குறைய 367. பழைய பாக்கெட் கேமராக்களில் இருந்தது வெறும் 28. அதே லென்ஸ் துளை எண், அதே ஷட்டர் ஸ்பீடு என்றால் ஃபுல் ஃபிரேம் சென்சார் ஏபிஎஸ்-சியைவிட 2.4 மடங்கு அளவுக்கு ஒளியைப் பிடிக்கும். அந்த 2.4 மடங்குக்காகத்தான் அதன் விலை அவ்வளவு தூரம் ஏறுகிறது.

இப்போது லென்ஸைப் பார்ப்போம். குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவது எஃப் எண். கிட் லென்ஸை 55 மில்லிமீட்டருக்கு ஜூம் செய்தால் அது எஃப் 5.6க்கு மேல் திறக்காது. துளை 10 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஜூம் ஆகாத 50 எம்எம் எஃப் 1.8 பிரைம் லென்ஸின் துளை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். சென்சாரில் விழும் ஒளி கிட்டத்தட்டப் பத்து மடங்கு! ஐஎஸ்ஓ 6400 கேட்ட அறையில் 640 போதும். பெரும்பாலான நிறுவனங்களின் விலைப்பட்டியலில் மிக மலிவான லென்ஸ்களில் ஒன்று இந்தச் சின்ன ஐம்பதுதான். வாணியம்பாடிக்கு அருகே காவலூரில் உள்ள வைணு பாப்பு தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடி எதற்கு என்று கேட்டால் அதற்கும் இதே விடைதான். அதன் பரப்பு இந்த ஐம்பது எம்எம் துளையைப் போல 7,000 மடங்கு.

துளையைச் சுருக்கினால் முன்னும் பின்னும் கூடுதல் ஆழத்துக்குத் தெளிவு கிடைக்கும் என்று பலர் எஃப் 16, எஃப் 22 என்று போவதுண்டு. அங்கே ஒளியின் அலைத்தன்மை குறுக்கிடும். சிறு துளையின் வழியே நுழையும் ஒளி விரிந்து, ஒரு புள்ளி சிறு வட்டாகப் பதியும். எஃப் 16இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டின் விட்டம் 21 மைக்ரான் அளவு. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சலின் அகலமோ 4 மைக்ரான். காசு கொடுத்து வாங்கிய மெகாபிக்சல்களை நாமே அழித்துக்கொள்கிறோம்.

போன் ஏன் ஜெயிக்கிறது?

வீட்டில் எழுந்த அந்தக் குரலுக்கும் நியாயம் உண்டு. கைபேசியின் சென்சார் மிகச் சிறியது. ஒரு சொடுக்கில் அது பிடிக்கும் ஒளி குறைவு. எனவே அது ஒரு சொடுக்கோடு நிறுத்துவதில்லை. பொத்தானைத் தொட்ட நேரத்தில் பல படங்களை எடுத்து, கை நடுக்கத்தால் ஏற்பட்ட நகர்வைக் கணக்கிட்டு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் சொரசொரப்பு மூன்றில் ஒரு பங்காகும். மீண்டும் அதே வர்க்கமூலம். 2018இல் கூகுள் தன் பிக்சல் போன்களில் கொண்டுவந்த நைட் சைட் இதன் நன்கு அறியப்பட்ட வடிவம். பரப்பில் இழந்ததைப் போன் நேரத்தில் ஈடுகட்டுகிறது.

இந்தக் கெட்டிக்காரத்தனம் கேமரா வணிகத்தையே சாய்த்துவிட்டது. ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டமைப்புக் கணக்குப்படி 2010இல் உலகெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023இல் 80 லட்சத்துக்கும் கீழ். இன்று தனிக் கேமரா வாங்குகிறவர் தேவைக்காக வாங்குவதைவிட ஆசைக்காக வாங்குவதே அதிகம். அந்த ஆசைக்கு ஓர் அர்த்தமும் இருக்கிறது: எந்த ஒளியை எவ்வளவு நேரம் எண்ணுவது என்ற முடிவு போனில் மென்பொருளிடம் இருக்கிறது, கேமராவில் நம்மிடம். ஓடும் குழந்தையையோ பறக்கும் மீன்கொத்தியையோ பல படங்களாக எடுத்துப் பொருத்த முடியாது. அங்கே ஒரே சொடுக்கில் பெரிய துளையும் பெரிய பரப்பும் பிடிக்கும் ஒளிதான் கைகொடுக்கும். அசையாத காட்சி என்றால் போனின் உத்தியை நாமும் கையாளலாம்: டிரைபாடில் வைத்துப் பத்துப் படம் எடுத்துக் கணினியில் சராசரி செய்யலாம். அமெச்சூர் வானியலாளர்கள் இதை வெகுகாலமாகச் செய்துவருகிறார்கள்.

மூன்றில் இரண்டு பங்கு ஊகம்

சிலிக்கான் எண்ணுவது எலெக்ட்ரான்களை. எலெக்ட்ரானுக்கு நிறம் தெரியாது. சிவப்பு ஃபோட்டான் விடுவித்ததும் நீல ஃபோட்டான் விடுவித்ததும் ஒன்றுபோலவே இருக்கும். கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஒரு வழியைத்தான் இன்னும் பெரும்பாலான கேமராக்கள் பின்பற்றுகின்றன. ஒவ்வொரு பிக்சலின் மேலும் ஒரு நிற வடிகட்டி. நான்கில் இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். நம் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பச்சையை ஒட்டியே அதிகம் உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

24 மெகாபிக்சல் கேமராவில் பச்சையை 1.2 கோடிப் பிக்சல்களும், சிவப்பை 60 லட்சமும், நீலத்தை 60 லட்சமும் எண்ணுகின்றன. ஆனால் நாம் பார்க்கும் படத்தில் எல்லாப் பிக்சலுக்கும் மூன்று நிறமும் இருக்கின்றன. விடுபட்ட இரண்டு நிறங்களைக் கேமரா அக்கம்பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து ஊகிக்கிறது. படத்தில் உள்ள நிற எண்களில் மூன்றில் இரண்டு பங்கு இப்படி ஊகித்தவை.

ஊகம் பெரும்பாலும் பலிக்கும். பலிக்காத இடத்தைக் கல்யாண வீட்டில் பார்க்கலாம். பட்டுப்புடவையின் இழைகளும் சட்டைத் துணியின் நெருங்கிய கோடுகளும் சென்சாரில் ஏறக்குறைய பிக்சல் இடைவெளிக்கே வந்து விழும்போது, துணியில் இல்லாத வளைவுகளும் வானவில் பட்டைகளும் படத்தில் தோன்றும். இதை மோரே என்கிறார்கள். முன்பெல்லாம் படத்தை மிக இலேசாக மங்கச் செய்யும் ஒரு வடிகட்டியைச் சென்சாரின் முன்னால் வைத்து இதைத் தவிர்த்தார்கள். கூர்மை வேண்டும் என்று புதிய கேமராக்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். ஓரடி முன்னோ பின்னோ நகர்ந்து எடுத்தாலே பெரும்பாலும் பட்டைகள் மறைந்துவிடும்.

வரிசை வரிசையாக

அதே கல்யாண மண்டபத்தில் இன்னொரு குழப்பமும் காத்திருக்கிறது. வரவேற்பு மேடையின் எல்இடி வெளிச்சத்தில் எடுத்த படங்களில் குறுக்காகக் கறுப்புப் பட்டைகள் விழும். சென்சார் கெட்டுவிட்டதென்று பதறி சர்வீஸ் சென்டருக்குப் போகிறவர்கள் உண்டு.

நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியிலும் இரண்டு உச்சம் என்பதால் பல விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆனால் பெரும்பாலான சிமாஸ் சென்சார்கள், சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரில், எல்லா வரிசைகளையும் ஒரே கணத்தில் எண்ணுவதில்லை. மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எண்ணுகின்றன. விளக்கு உச்சத்தில் இருந்தபோது எண்ணிய வரிசை வெளுப்பாகவும், மங்கியபோது எண்ணிய வரிசை கறுப்பாகவும் பதிகின்றன. சுழலும் மின்விசிறியின் இறக்கைகள் படத்தில் வளைந்து தெரிவதும் இதே காரணத்தால்தான். ஷட்டர் ஸ்பீடை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் ஒவ்வொரு வரிசையும் விளக்கின் முழு ஏற்ற இறக்கத்தை எண்ணி முடித்துவிடும், பட்டை போய்விடும். மின்சாரத்தின் தாளத்துக்குக் கட்டுப்படாமல் தமக்கென்று வேறு வேகத்தில் துடிக்கும் மேடை விளக்குகளுக்கு மட்டும் வேறு வேகங்களைப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாப் பிக்சல்களையும் ஒரே நேரத்தில் எண்ணும் சென்சாரோடு சோனியின் ஏ9 மூன்றாம் பதிப்பு 2023இல் அறிவிக்கப்பட்டது. அதன் விலை அமெச்சூர்களுக்கு எட்டாது.

ராவா, ஜேபெக்கா?

எண்ணி முடித்த பிறகு கேமரா அந்த எண்களை இரண்டு வகையில் தரும். ரா கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும் பெரும்பாலும் 14 பிட், அதாவது 16,384 படிநிலைகள் இருக்கும். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். அதோடு படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் மென்மையான ஏற்ற இறக்கம், நுண்ணிய ஏற்ற இறக்கம் என்று அலைகளாகப் பகுத்து, கண் பொருட்படுத்தாத நுண்ணலைகளைத் தூக்கிப் போட்டுவிடுகிறது.

இந்தப் பகுப்புக் கணிதம் 1974இல் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து வந்தது. எழுதியவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்ற கே. ஆர். ராவ். 1992இல் ஜேபெக் தரமானபோது அதன் நெஞ்சுப் பகுதியாக இதுவே அமைந்தது. வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படங்களும் டிஜிட்டல் வீடியோவின் பெரும்பகுதியும் அந்தக் கணிதத்தின் தயவில்தான் நம்மை வந்தடைகின்றன. வெளிச்சம் சீராக இருக்கும் இடத்தில் ஜேபெக் தாராளமாகப் போதும். ஜன்னலுக்கு எதிரே நிற்கும் முகம், அந்தி வானம் போன்ற காட்சிகளில், கஷ்டப்பட்டு எண்ணியதை வீணாக்காமல் ராவில் வைத்துக்கொள்வது நல்லது.

செலவுக் கணக்கு

முதல் வாரத்து உற்சாகம் வழக்கமாக அடுத்த பொருளை நோக்கித் திரும்பும். அதற்கு முன் செய்யவேண்டிய ஒரு சிறு செலவு உண்டு: காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பா, கொஞ்சம் சிலிகா ஜெல். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், பைக்குள்ளேயே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடியின் மேல்பூச்சை அது அரித்துவிட்டால் துடைத்தாலும் போகாது. பிறகு எவ்வளவு பெரிய துளையாக இருந்தாலும் அதன் வழியே வரும் ஒளி சிதறித்தான் வரும்.

மற்றபடி, அடுத்து எதை வாங்கலாம் என்ற கேள்வியை ஒளிக்கணக்கில் போட்டுப் பார்த்தால் விடை எளிது. ஏபிஎஸ்-சி கேமராவிலிருந்து ஃபுல் ஃபிரேமுக்கு மாறினால் 2.4 மடங்கு ஒளி. அதற்கேற்ற லென்ஸ்களோடு சேர்த்தால் செலவு லட்சத்தைத் தாண்டும். கிட் லென்ஸுக்குப் பதில் ஐம்பது எம்எம் பிரைம் போட்டால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. செலவு அதில் சிறு பங்கு. பாட்டியின் நாற்காலியைப் பகலில் ஜன்னலோரம் நகர்த்தினால் அங்கே 1,000 லக்ஸைத் தாண்டுவது சாதாரணம். அதுவும் பத்து மடங்குதான், செலவு ஒன்றுமில்லை. கடைசியில் சொன்னதை முதலில் செய்து பார்த்துவிட்டு மற்ற இரண்டைப் பற்றி யோசிக்கலாம்.